வரிகள் இல்லாத கதை: போ ஹான்சனின் டோல்கீன் இசைத்தட்டு உருவான விதம்

ஓர் எழுத்தாளரின் கதைகளிலிருந்து பிறந்த, பரவலாக அறியப்படாத இசைத்தொகுப்பு ஒன்று எவ்வாறு தயாரானது என்றும், பாட்டே இல்லாத இசையை எந்த அடிப்படையில் ஒரு நாவலோடு சேர்த்துப் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே விடை சொல்ல உதவும் இசைத்தட்டு ஒன்று உண்டு. சுவீடனைச் சேர்ந்த ஆர்கன் கலைஞர் போ ஹான்சன் 1970இல் வெளியிட்ட 'சாகன் ஓம் ரிங்கன்' தான் அது. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடரும் பன்னிரண்டு உருப்படிகள் அதில் உள்ளன. ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடும் அந்த இசையில் ஒரு சொல்கூடப் பாடப்படுவதில்லை. பீட்டர் ஜாக்சனின் திரைப்படம் 2001இல் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பெரும்பாலும் தனியொருவர் கையால் உருவான இந்தத் தட்டு, நாவலை இசையாக்கிய முயற்சிகளுள் தனித்து நிற்கிறது என்பது என் கருத்து. அதற்கான காரணம் அது தயாரான விதத்திலேயே இருப்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஹான்சன் 1943இல் கோத்தன்பர்க் நகரில் பிறந்தவர். முறையாக இசை பயின்றவர் அல்லர். கிதாரைத் தானாகவே கற்றுக்கொண்டு, 1960களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் ராக், புளூஸ் குழுக்களில் வாசித்துவந்தார். அந்நகரின் புகழ்பெற்ற ஜாஸ் அரங்கான யில்லெனே சிர்கெல்னில் அமெரிக்க ஆர்கன் கலைஞர் ஜாக் மெக்டஃப் வாசித்ததைக் கேட்ட பிறகு அவருடைய கவனம் முழுவதும் ஹாமண்ட் ஆர்கன் பக்கம் திரும்பியது. தாளக் கலைஞர் யான்னே கார்ல்சனுடன் சேர்ந்து 'ஹான்சன் அண்ட் கார்ல்சன்' என்ற இருவர் குழுவைத் தொடங்கினார். ஓர் ஆர்கன், ஒரு டிரம் தொகுதி, வேறெதுவும் இல்லை, பாட்டும் இல்லை. முன்கூட்டி வகுக்காமல் மேடையிலேயே நீளமாக வளர்த்துச் செல்லும் இசை அவர்களுடையது. 1967க்கும் 1969க்கும் இடையில் இருவரும் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள்.

அமெரிக்க கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் சுவீடனுக்கு வந்தபோது ஸ்டாக்ஹோமின் கிளப் ஃபிலிப்ஸ் விடுதியில் இந்த இருவருடன் சேர்ந்து வாசித்தார் என்பதும், அவர்களுடைய 'டாக்ஸ் ஃப்ரீ' என்ற உருப்படியைத் தாமே ஒலிப்பதிவு செய்தார் என்பதும் ராக் இசை வரலாற்றில் பதிவானவை. அந்தப் பதிவு ஹென்ட்ரிக்ஸ் மறைந்த பின் 1972இல் 'வார் ஹீரோஸ்' தொகுப்பில் வெளிவந்தது. ஹான்சனின் பெயரை எங்கோ கேட்ட நினைவு இருப்பவர்களில் பலர் இந்த வழியாகவே கேட்டிருப்பார்கள். ஆனால் 1969இல் அந்தக் கூட்டு முடிவுக்கு வந்தது. கார்ல்சன் நடிப்பின் பக்கம் சென்று, 'லோஃபே' என்ற செல்லப்பெயரோடு சுவீடன் முழுவதும் அறிந்த திரை நடிகரானார். கூடவே வாசித்த ஒரே துணையும் போனதால், ஹான்சனிடம் எஞ்சியவை ஓர் ஆர்கனும் நிறைய நேரமும்தான்.

அந்த இடைவெளியில்தான் அவருடைய தோழி அவருக்கு டோல்கீனின் நாவலைக் கொடுத்தார். 1954-55இல் ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகளாக வெளியான அந்நூல், 1959க்கும் 1961க்கும் இடையில் ஓகே ஊல்மார்க்ஸின் மொழிபெயர்ப்பில் சுவீடனில் வந்துவிட்டிருந்தது. ஊல்மார்க்ஸ் எழுதிய முன்னுரையைக் கண்டித்து டோல்கீன் தம் பதிப்பகத்துக்குக் கடிதமே எழுதினார். தம்முடைய மோதிரத்தை ஜெர்மானியப் புராணத்தின் நிபெலுங் மோதிரத்தோடு ஊல்மார்க்ஸ் தொடர்புபடுத்தியிருந்ததைக் குறித்து, இரண்டும் வட்டமானவை, ஒற்றுமை அத்தோடு முடிந்தது என்று அதில் குறிப்பிட்டார். அந்த நிபெலுங் மோதிரத்தை வைத்து ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் அமைத்த பெருங்காவிய இசைநாடகத்துக்கும் இந்த நாவலுக்கும் தொடர்பில்லை என்று ஆசிரியரே மறுத்திருப்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஹான்சனின் இசையைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் தேவைப்படும்.

ஒலிப்பதிவு நடந்த இடம், ஸ்டாக்ஹோம் நகருக்கு வெளியே கடலில் சிதறிக்கிடக்கும் தீவுகளில் ஒன்றான எல்யோ. அங்கே ஒரு கோடைக்கால வீட்டை இரவல் பெற்று, அதற்குள் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கினார்கள். சுவீடனில் கோடைக்கால வீடு என்பது பெரும்பாலும் மரத்தால் ஆன சிறிய வீடு. கோடை முடிந்ததும் சொந்தக்காரர்கள் பூட்டிவிட்டு நகரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே மணிக்கணக்கில் வாடகை ஓடாத, அடுத்த குழு வந்து கதவைத் தட்டாத ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அவர்களுக்குக் கிடைத்தது. ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் ஆண்டர்ஸ் லிண்ட். அவர் அப்போது 'சைலன்ஸ்' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தார். பெரிய நிறுவனங்களின் வணிகக் கணக்குக்கு வெளியே நின்று, தாமே பதிவு செய்து தாமே விற்பது என்ற எண்ணம் அன்றைய சுவீடன் இளைஞர்களிடம் வலுவாக இருந்தது. 1970 கோடையில் ஸ்டாக்ஹோமின் யார்டெட் திடலில் இசைக்கலைஞர்களே கூடி நடத்திய திறந்தவெளி விழாவும் அதே எண்ணத்தின் விளைவு. பின்னாளில் கெப்னெகாய்ஸே, சாம்லா மம்மாஸ் மன்னா போன்ற குழுக்களை வெளியுலகுக்குக் கொண்டுவந்த சைலன்ஸின் தொடக்கக்கால வெளியீடுகளில் ஹான்சனின் தட்டும் ஒன்று. தீவில் பதிவு செய்தவற்றின் மீது எஞ்சிய அடுக்குகளைச் சேர்த்து, கலவையை முடித்தது ஸ்டாக்ஹோமின் டெசிபெல் கூடத்தில்.

கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இந்த இசையின் தன்மையை விளக்க முடியாது. ஹாமண்ட் ஆர்கன் 1935இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மின்னியந்திரக் கருவி. அதனுள் பல் வெட்டிய உலோகச் சக்கரங்கள் இடைவிடாமல் சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கம்பிச்சுருள் சுற்றிய காந்தம் ஒன்று இருக்கும். சக்கரத்தின் பற்கள் அதைக் கடக்கும் வேகத்துக்கேற்ப ஒரு சுரம் மின்னலையாகப் பிறக்கும். விசைப்பலகைக்கு மேலே வரிசையாக இருக்கும் இழுப்பான்களை வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும், அடிப்படைச் சுரத்தோடு எந்தெந்த மேற்சுரங்கள் எந்த அளவில் சேர வேண்டும் என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கிறார். பியானோவில் விரலை எவ்வளவு அழுத்தமாக வைக்கிறோமோ அவ்வளவு ஒலி எழும். ஹாமண்டில் அப்படி இல்லை. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு ஒலிதான். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் காலடி மிதியின் வேலை. மேலும், பியானோவில் சுரம் எழுந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். ஆர்கனில் விரல் எடுக்கும் வரை அது குறையாமல் நிற்கும்.

ஜாஸ் கலைஞர்கள் இந்தக் கருவியின் கூர்மையான தொடக்க ஒலியைப் பயன்படுத்தித் தாளத்தோடு துள்ளும் இசையை உருவாக்கினார்கள். கார்ல்சனோடு இருந்த காலத்தில் ஹான்சனும் அதைத்தான் செய்தார். தீவுக்கு வந்தபின் அவர் கருவியின் மறுபக்கத்துக்குப் போனார். தேயாமல் நீளும் சுரங்களை ஒன்றன்மீது ஒன்றாகப் படரவிட்டு, காலடி மிதியால் அவற்றைத் தொலைவிலிருந்து வரவழைத்து மீண்டும் தொலைவுக்கு அனுப்பினார். மூடுபனியும் மலையடிவாரமும் நிறைந்த ஒரு கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி அன்று கிடைத்திருக்காது. ஒரு நேரத்தில் ஒரே சுரத்தை மட்டும் எழுப்பக்கூடிய மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியும் ஆங்காங்கே வருகிறது. அதே காலத்தில் பிற ராக் குழுக்கள் மூக் கருவியை வானவேடிக்கையாகப் பயன்படுத்தின. ஹான்சனின் தட்டில் அது அடக்கமாகவே வந்து போகிறது.

ஆர்கன், கிதார், பாஸ் கிதார், மூக் ஆகிய நான்கையும் ஹான்சனே வாசித்தார். முதலில் ஒன்றைப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை அதன்மேல் பதிவு செய்யும் முறைதான் இதற்கு வழி. தாளத்துக்கு ரூனே கார்ல்சன் என்ற ஜாஸ் கலைஞர் வந்தார்; பெயர் ஒற்றுமை இருந்தாலும் இவர் பழைய கூட்டாளி அல்லர். டிரம்ஸோடு கொங்கா தோல்கருவியையும் அவர் வாசித்தார். குன்னார் பெர்ய்ஸ்டென் சாக்ஸபோனும், ஸ்டென் பெர்க்மன் புல்லாங்குழலும் வாசித்தார்கள். நான்கு கருவிகளையும் ஒரே மனிதர் வாசித்ததன் விளைவு காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது. நான்கு பேர் கூடி வாசிக்கும்போது ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள், முந்துவார்கள், விட்டுக்கொடுப்பார்கள். இங்கே கிதார் தொடங்கிய மெட்டை ஆர்கன் எந்தப் போட்டியும் இன்றி வாங்கித் தொடர்கிறது. உரையாடலின் விறுவிறுப்பு இல்லை என்பது குறைதான். ஆனால் ஒருவர் தாம் படித்த புத்தகத்தைத் தமக்குள் மீண்டும் நினைத்துப் பார்க்கும் தொனி அதனால்தான் கிடைத்தது. கொங்காவின் சீரான தட்டல், பல இடங்களில், நெடுந்தூரம் நடப்பவர்களின் காலடிக் கதியாகவே கேட்கிறது.

இனி, பாட்டே இல்லாமல் இது எப்படி நாவலின் இசையாகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் பிணைப்பு தலைப்புகளில் இருக்கிறது. உருப்படிகளின் பெயர்களில் பெரும்பாலானவை நாவலின் அத்தியாயத் தலைப்புகள்: 'தி ஓல்ட் ஃபாரஸ்ட்', 'ஃபாக் ஆன் தி பாரோ-டவுன்ஸ்', 'ஃப்ளைட் டு தி ஃபோர்ட்', 'தி ரிங் கோஸ் சவுத்', 'எ ஜர்னி இன் தி டார்க்', 'லோத்லோரியன்' என்று நாவலின் வரிசை மாறாமலேயே அவை வருகின்றன. புத்தகத்தைப் படித்தவருக்குத் தலைப்பு ஒன்றே போதும். காட்சியை அவரே கொண்டுவந்துவிடுவார். இது மலிவான உத்தி என்று ஒருவர் சொல்லலாம். தலைப்பை மறைத்துவிட்டால் எந்த உருப்படி எந்தக் காட்சிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது என்ற வாதத்தில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்த்தால், தலைப்பைக் காட்டிலும் ஆழமான ஒரு வாசிப்பு வெளிப்படுகிறது. பன்னிரண்டில் முதல் ஏழு உருப்படிகள், அதாவது நாயகர்களின் சொந்த ஊரான ஷையரை விட்டுக் கிளம்புவது முதல் லோத்லோரியன் காடு வரை, நாவலின் முதல் தொகுதிக்குரியவை. இரண்டாம் தொகுதியிலிருந்து பெயரளவில் வருவது ஷாடோஃபாக்ஸ் என்ற குதிரைக்கான சின்னஞ்சிறு உருப்படி மட்டுமே. அதுவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் பெலன்னோர் களப் போர், காயம்பட்டவர்கள் குணமாகும் மனையில் காணும் கனவுகள், வீடு திரும்புதல், ஷையரைச் சீர்செய்தல், கடைசியாகச் சாம்பல்நிறத் துறைமுகத்திலிருந்து கப்பலேறுதல். இந்தப் பட்டியலில் எதிரியின் நாடான மோர்டோர் இல்லை. மோதிரத்துக்காக அலையும் 'கொல்லும்' என்ற பாத்திரமும் இல்லை. மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் எரிமலையை நோக்கித் தவழ்ந்து செல்லும் பயணமும், மோதிரம் நெருப்பில் விழும் கணமும் இல்லை. எந்த மோதிரத்தின் பெயரைத் தட்டு தாங்கியிருக்கிறதோ, அதன் அழிவுக்கு ஓர் உருப்படி ஒதுக்கப்படவில்லை.

திரைப்படத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். டாம் பாம்பாடில் என்ற பாத்திரம், பாரோ-டவுன்ஸின் மூடுபனி, ஷையரைச் சீர்செய்தல் ஆகிய மூன்றையும் ஜாக்சன் தம் படத்தில் விட்டுவிட்டார். கதையை முன்னே தள்ளாத பகுதிகள் என்பதே அவற்றின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. ஹான்சனின் தட்டில் மூன்றுக்கும் இடமிருக்கிறது. படத்தின் உச்சக்கட்டம் எதுவோ அது தட்டில் இல்லை. ஹான்சனுக்கு அந்த நாவல், ஒரு பொருளை அழிக்கப் போன கதையாக அல்லாமல், ஊரைவிட்டு நடந்து, பல நிலங்களின் வானிலையைக் கடந்து, மாறிப்போன மனிதர்களாகத் திரும்பிய கதையாகவே பட்டிருக்க வேண்டும் என்று இந்தத் தேர்விலிருந்து நான் முடிவு செய்கிறேன். நாவலை உண்மையில் படித்தவர்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றாது; பக்கக் கணக்கில் பார்த்தாலும் போரைவிட நடையே அதில் அதிகம்.

இதே காரணத்தால், வாக்னர் கையாண்டதும், ஜாக்சனின் படத்துக்கு ஹோவார்ட் ஷோர் கையாண்டதுமான முறை இங்கே இல்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இனத்துக்கும் பொருளுக்கும் ஓர் இசைத்தொடரை ஒதுக்கி, கதை அவற்றைத் தொடும்போதெல்லாம் அத்தொடரை மீண்டும் ஒலிக்கச் செய்வது அம்முறை. மூன்று மணி நேரப் படத்துக்கு அது தேவை. ஹான்சன் பாத்திரங்களுக்கு இசையமைக்கவில்லை, இடங்களுக்கு அமைத்தார். அதனால் ஓர் உருப்படியின் மெட்டு, அந்த இடத்தைப் பயணிகள் கடந்ததும், அங்கேயே தங்கிவிடுகிறது.

தட்டின் தரம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதாகச் சொல்ல மாட்டேன். போர்க்களத்துக்கான உருப்படியே எனக்கு மிகவும் பலவீனமாகப் படுகிறது. ஆயிரக்கணக்கானோர் மோதும் களத்தை ஓர் ஆர்கனாலும் ஒரு டிரம் தொகுதியாலும் நிரப்ப முடியாது. அதற்கு வேண்டிய ஒலிப்பருமன் இரவல் வீட்டில் கிடைக்காது. கருப்புக் குதிரைவீரர்கள் துரத்தும் பகுதி இதற்கு நேர்மாறு. துரத்தப்படுபவரின் பதற்றத்துக்குக் கூட்டம் தேவையில்லை. விரையும் தாளமும் அதை விடாமல் நெருக்கும் மெட்டும் போதும், இரண்டும் அங்கே இருக்கின்றன. எல்ரோண்டின் இல்லத்துக்கும் லோத்லோரியனுக்குமான உருப்படிகளில் ஹான்சன் தம் கருவியையும் தம் தனிமையையும் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

டோல்கீனின் எழுத்தை இசையாக்கியவர்களில் ஹான்சன் முதல்வர் அல்லர். 1967இல் பிரித்தானிய இசையமைப்பாளர் டொனால்ட் ஸ்வான், நாவலில் வரும் கவிதைகளுக்கு மெட்டமைத்து 'தி ரோட் கோஸ் எவர் ஆன்' என்ற பாடல் நூலை வெளியிட்டார். டோல்கீனுக்கு உடன்பாடான முயற்சி அது. ஒரு கவிதைக்குத் தேவாலயப் பாணியில் அமைந்த மெட்டை அவரே ஸ்வானுக்கு முணுமுணுத்துக் காட்டினார். அதே காலத்தில் 'ஸ்டார் டிரெக்' நடிகர் லெனார்ட் நிமாய் டோல்கீனின் பாத்திரமான பில்போ பேகின்ஸைப் பற்றி ஒரு துள்ளல் பாட்டுப் பாடினார். அதை இன்று சிரிக்காமல் கேட்பது கடினம். லெட் செப்பலின் குழு 1969இல் 'ரேம்பிள் ஆன்' பாட்டில் மோர்டோரையும் கொல்லுமையும் பெயர் சொல்லி அழைத்தது. இவை யாவும் சொற்களின் வழியாக நாவலைத் தொட்டவை. நாவலை முழுமையாக, அதுவும் சொல் துணையின்றி, ஒரு தட்டின் நீளத்துக்குக் கொண்டுசென்றதில்தான் ஹான்சன் வேறுபடுகிறார்.

இந்தத் தட்டை சுவீடனுக்கு வெளியே கொண்டுவந்தவர், லண்டனில் கரிஸ்மா என்ற நிறுவனத்தை நடத்திய டோனி ஸ்ட்ராட்டன்-ஸ்மித். ஜெனிசிஸ், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் ஆகிய குழுக்களை வளர்த்தவர் அவர்தான். 1972இல் 'மியூசிக் இன்ஸ்பயர்ட் பை லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தலைப்பில் கரிஸ்மா அதை வெளியிட்டது. பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 34ஆம் இடம் வரை அது ஏறியது. பாடகர் இல்லாத, சுற்றுப்பயண மேடைகளில் முகம் காட்டாத ஒரு சுவீடன் கலைஞருக்கு அது பெரிய எண். நாவலைப் படமாக்கும் உரிமை 1969இலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்த நிலையில், நாவலின் இசைவடிவம் என்று உரிமை கோராமல், நாவலின் தூண்டுதலால் எழுந்த இசை என்று மட்டும் சொல்லிக்கொண்டது எச்சரிக்கையான தலைப்பும்கூட. தட்டின் உள்ளடக்கத்துக்கு நேர்மையான தலைப்பும் அதுவே.

அதற்குப் பிறகு ஹான்சன் 1972இல் 'ஊர் துரோல்கார்லென்ஸ் ஹாத்' என்ற தட்டைச் சைலன்ஸில் வெளியிட்டார். கெப்னெகாய்ஸே குழுவின் கிதார் கலைஞர் கென்னி ஹாக்கன்சன் உள்ளிட்டோர் அதில் வாசித்தார்கள். மூன்றாவது தட்டில் ரிச்சர்ட் ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' நாவலின் முயல்களுக்காக ஓர் உருப்படி வந்தது. 1977இல் அதே நாவலின் பெயரில் முழுத் தட்டே வந்தது. அதுவும் ஊரைவிட்டுக் கிளம்பிப் புதிய இடம் தேடி நடப்பவர்களின் கதை என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் இவ்வகை நீள இசைக்கான சந்தையே சுருங்கிக்கொண்டிருந்தது. 1985இல் இன்னொரு தட்டை வெளியிட்ட பிறகு அவர் பெரும்பாலும் பொதுவெளியிலிருந்து ஒதுங்கியே இருந்தார். 2010 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் மறைந்தார்.

கேட்கத் தொடங்க விரும்பினால், புத்தகத்தைப் படித்தவர்கள் முதல் உருப்படியிலிருந்து வரிசையாகவே கேட்கலாம். வரிசை கலைந்தால் பயணம் கலைந்துவிடும். புத்தகத்தைப் படிக்காதவர்கள் ஐந்தாவதையும் ஏழாவதையும் முதலில் கேட்டு, அந்த ஒலி பிடித்திருந்தால் தொடக்கத்துக்குப் போகலாம். இதற்குப் பின், ஆலன் பார்சன்ஸும் எரிக் வூல்ஃப்சனும் எட்கர் ஆலன் போவின் கதைகளைக் கொண்டு 1976இல் உருவாக்கிய தட்டைக் கேட்டால் ஒப்பீடு சுவையாக இருக்கும். பிரித்தானியாவில் அதை வெளியிட்டதும் இதே கரிஸ்மாதான். ஆபி ரோடு கூடம், முழு வாத்தியக் குழு, சேர்ந்திசைக் குழு, பல பாடகர்கள் என்று எல்லா வசதிகளோடும் அது உருவானது. அந்தத் தட்டிலும், அஷர் மாளிகையின் வீழ்ச்சியைச் சொல்லும் நீண்ட பகுதியில், பாடகர்கள் ஒதுங்கிக்கொள்ள வாத்தியங்களே கதையை நடத்துகின்றன.